முகம் கெடாது, ஓரம் கெடும்: இணுவில் வீடொன்றின் குசினி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடு யாழ்ப்பாணத்து இணுவிலில் இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். ஊருக்கே அவர் ரீச்சர்தான். குசினியைப் புதிதாக்கத் திட்டமிடுவது என் வேலை; செலவு ரொறன்ரோவில் இருக்கும் மகளுடையது. ஆகவே தீர்மானம் எடுப்பவர்கள் இருவர்: சமைப்பவர் ஒருவர், காசு அனுப்புபவர் இன்னொருவர். யாழ்ப்பாணத்தில் இன்று நடக்கும் குசினி வேலைகள் பலவற்றுக்கு இதே அமைப்புத்தான்.

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாம் ஒரே சாயல்: வெள்ளை நிறம், முகம் தெரியும் அளவுக்கு மினுக்கம், கைபிடி இல்லாத கதவு. ரீச்சர் அவற்றைக் கண்ணாடி போட்டு வடிவாகப் பார்த்தார். "வெள்ளை நல்லாத்தான் இருக்கு தம்பி. உதை ஆர் நெடுகத் துடைக்கிறது?" என்று கேட்டார். மகளிடம் இதைச் சொன்னபோது, "அம்மா எல்லாத்துக்கும் உப்பிடித்தான் அண்ணா சொல்லுவா" என்று பதில் வந்தது.

நிறத்தில் தொடங்கிய பேச்சு நிறத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பழைய கபேட்டைக் கழற்றிப் பார்ப்போம் என்றேன்.

பழையது எப்படிச் செத்தது

பழைய பான்ட்ரி கபேட் சிப்போட்டில், அதாவது மரச் சீவல்களைப் பசையோடு அழுத்திய பலகையில் செய்தது. மெலமைன் தாளை ஆலையிலேயே பலகையில் அழுத்தி ஒட்டி வரும் வகை. கதவுகளின் முகத்தைச் சவர்க்காரத் தண்ணியால் துடைத்ததும் புதிதுபோல ஆயின. கீறலும் பெரிதாக இல்லை. ஆனால் சிங்குக்குக் கீழே இருந்த அடிப்பலகை ஊறின பாண் போல உப்பி, விரலால் அமர்த்த உதிர்ந்தது. கதவுகளின் கீழ் ஓரத்தில் வெட்டுமுகத்தை மூடிய நாடா கழன்று தொங்கியது. பிணைச்சல் பூட்டிய இடங்களில் ஆணி பிடியிழந்து, கதவுகள் ஒன்றோடொன்று உரசின. கபேட்டின் முதுகுப்புறத்து மெல்லிய பலகைக்கும் சுவருக்கும் இடையில் கறையான் புற்று ஏறியிருந்தது.

அடுப்புக்கு மேலிருந்த கபேட்டின் அடி ஓரமும் கிளம்பியிருந்தது. அங்கே சிங்கும் இல்லை, குழாயும் இல்லை. காரணம் நீராவி. ஒரு நாள் புட்டு, மறுநாள் இடியப்பம் என்று ஆவி நேரே மேலெழுந்து அந்த ஓரத்தில்தான் படிகிறது. இந்த வகைக் குசினிகளை வடிவமைக்கும் வெளிநாட்டுப் பட்டியல்களில் அந்த ஆவிக்கு இடமில்லை. அங்கே அரிசியை அவிப்பதே மின்சாரப் பானைதான்.

கீழ்ப்பலகை உப்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீடுகளில் குசினி நிலத்தைத் துடைப்பதோடு விடுவதில்லை. வெள்ளிக்கிழமையென்றால் வாளித் தண்ணி ஊற்றித் தும்புத்தடியால் தள்ளிக் கழுவுவோம். நிலத்தில் நேராக நிற்கும் பலகை அந்தத் தண்ணியை ஒவ்வொரு கிழமையும் குடிக்கிறது.

ஆக, இந்த வீட்டில் முகம் கெடவில்லை. ஓரம், முதுகு, அடி என்ற மூன்று இடங்கள்தான் கெட்டன. கடையில் நாம் மணிக்கணக்காகப் புரட்டிப் பார்ப்பது முகத்தை மட்டும். மற்ற மூன்றையும் தச்சுவேலை செய்யும் ஓடாவியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டு வருகிறோம். இந்த வேலையில் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குவது என்று தீர்மானித்தேன்: முதலில் பலகை, பிறகு ஓரம், நிறம் கடைசி.

தாளைப் பற்றிக் கொஞ்சம்

நாங்கள் போமைக்கா என்று சொல்லும் லமினேற் தாள் உண்மையில் கடதாசிதான். பீனோல் பிசினில் தோய்த்த பழுப்புக் கடதாசிகள் பல அடுக்கு, மேலே மெலமைன் பிசினில் தோய்த்த நிறக் கடதாசி ஒன்று. இவற்றை 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில், சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோவுக்குக் குறையாத அழுத்தத்தில் ஒன்றாக்குகிறார்கள். அமெரிக்காவில் ஹேர்பேட் பேபர், டானியல் ஓகொனர் என்ற இருவர் இதைத் தொடங்கியது மின்கருவிகளுக்குக் காப்புப் பொருளாக. 1913 இல் அவர்கள் நிறுவனம் அமைத்தார்கள். அலங்காரம் பிறகு வந்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகியதால்தான் முகம் அவ்வளவு உறுதி. வெட்டிய ஓரத்தில் மட்டும் உள்ளேயிருக்கும் கடதாசி வெளியே தெரிகிறது.

தாள் 8 அடிக்கு 4 அடி. தடிப்பு 1 மில்லிமீற்றர், 0.8, அதற்கும் குறைவு என்று வரும். கதவின் வெளிமுகத்துக்கு 1 மில்லிமீற்றர் போதும், அதற்குக் குறைய வேண்டாம். மெல்லிய தாளின் கீழே பலகையின் மேடுபள்ளம் எல்லாம் மினுக்கத்தில் தெரியும். கடையில் தடிப்பைக் கேட்டால் எல்லாத் தாளும் "ஒண்டு" என்றுதான் சொல்லுவார்கள். வேனியர் இடுக்கி ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோய் மூலையில் வைத்து அளந்தால் யாரோடும் வாதாடத் தேவையில்லை. நாங்கள் பார்த்தவற்றில் ஒன்று 0.7 காட்டியது. விற்பவர் சிரித்துவிட்டு வேறு கட்டுக்குப் போனார்.

மாதிரித் துண்டுகளுக்கு ரீச்சர் வைத்த பரீட்சை

நான்கு மாதிரித் துண்டுகள் எடுத்தோம்: மினுக்க வெள்ளை, மரவரி ஆழமாகப் பதிந்த கபிலம், கடும் கறுப்பு, மணல் கலந்த சாம்பல் நிறத்தில் மெல்லிய மங்கல் மேற்பரப்பு. பரீட்சையை நான் எழுதித் தந்திருந்தேன். ரீச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இது ஓ-லெவல் பேப்பர் மாதிரி லேசாக் கிடக்கு" என்று சொல்லித் தன் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டார்.

மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்து ஒவ்வொன்றிலும் பூசி ஓரிரவு விட்டோம். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணியில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெயோடு சேர்த்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. காலையில் சவர்க்காரம் போட்டுத் துடைத்தபோது வெள்ளையின் நடுப்பகுதி சுத்தமாக வந்தது. ஒரு மூலையை மட்டும் நான் முன்கூட்டியே உரைதாளால் உரசி வைத்திருந்தேன், பத்து வருடம் இரும்பு நார் போட்டுத் தேய்த்த கதவுக்கு ஒப்பாக. அந்த மூலை மஞ்சளாகவே நின்றது. மரவரித் துண்டில் பள்ளங்களுக்குள் மஞ்சள் ஒளிந்துகொண்டது. பல் துலக்கும் பிரஷ் போட்டால்தான் வெளியே வந்தது. சாம்பலில் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. கறை இல்லை என்பதைவிட, கறையைத் தெரியவிடாத நிறம் என்று சொல்வது நேர்மை.

மஞ்சள் நின்ற வெள்ளைத் துண்டை முற்றத்தில் வெயிலில் வைத்தோம். பின்னேரம் பார்த்தால் கறை வெளிறிப் போயிருந்தது. சூரிய ஒளியில் மஞ்சளின் நிறம் சிதையும். வேட்டியில் குழம்பு பட்டால் துவைத்து வெயிலில் காயப்போடும் பழக்கத்தின் காரணமும் இதுதான். ஆனால் குசினிக் கதவைக் கழற்றி முற்றத்தில் காயப்போட ஏலாது.

கறுப்பு தோற்றது வேறு பாடத்தில். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் நீர். கிணற்றுத் தண்ணி தெறித்துக் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். கேத்திலுக்குள் படியும் அதே பொருள்தான். கறுப்புத் துண்டில் தண்ணி தெளித்து இரண்டு தரம் காயவிட்டதும் வானத்து நட்சத்திரம் முழுக்க அதில் இறங்கிவிட்டது. இந்தப் புள்ளிகளை எலுமிச்சம்பழச் சாறு கரைக்கும். உடனே கழுவிவிட்டால் தாளுக்குத் தீங்கில்லை. மலசலகூடம் கழுவும் கடும் அமிலத்தைக் கொண்டுவந்து தேய்ப்பவர்களும் உண்டு. அது மெலமைன் படையையே தின்றுவிடும். கொழும்பு விளம்பரப் படங்களைப் பார்த்துக் கறுப்புக் குசினி கேட்பவர்களுக்கு நான் இப்போது முதலில் ஒரு கப் கிணற்றுத் தண்ணிதான் கொடுக்கிறேன்.

சூட்டுப் பரீட்சை சுருக்கமாக முடிந்தது. வடை பொரிக்கும் எண்ணெயே 180 பாகையை அண்டி நிற்கும். தாச்சியின் அடி அதற்கும் மேலே. அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியைச் சாம்பல் துண்டில் வைத்தோம். எடுத்தபோது வட்டமாக ஒரு கொப்புளம். ரொறன்ரோ வீட்டில் மேசைப்பரப்பும் லமினேற்தான், ஒன்பது வருடமாக ஒன்றும் நடக்கவில்லை என்றார் மகள். அவர் சொல்வது உண்மை. அங்கே சட்டியை இறக்கி வைக்க அடுப்பின் மற்ற மூன்று தட்டுகள் இருக்கின்றன. இங்கே இரண்டு வாய் காஸ் அடுப்பில் சோறும் கறியும் ஏறிய பிறகு மூன்றாவது சட்டிக்கு மேசைதான் இடம். கொப்புளத்தின் படத்தை அனுப்பியதும் மேசைப்பரப்பு கிரனைற் என்று முடிவானது. லமினேற் கதவுக்கும் லாச்சி முகத்துக்கும் மட்டும்.

ஒரு விலக்கு. ரீச்சருக்கு முழங்கால் நோவு. நிலத்தில் இருந்து தேங்காய் திருவ ஏலாது, மேசை விளிம்பில் திருகி இறுக்கும் திருவலைதான் பாவிக்கிறார். அந்தத் திருகு கிரனைற் விளிம்பை ஒரு நாள் உடைக்கும். யன்னலோரம் ஒன்றரை அடி நீளத்துக்குக் கல் போடாமல் விட்டு, பழைய கதவு நிலையிலிருந்து கழன்ற வேப்பமரத்தை இழைத்துப் போட்டோம். முழுக் குசினியிலும் ரீச்சர் வாய்விட்டுப் பாராட்டிய ஒரே இடம் அதுதான்.

பலகையை அவித்த கதை

எம்டிஎஃப், அதாவது மரநாரை அழுத்திச் செய்த பலகை, வழுவழுப்பு; லமினேற் அதில் கண்ணாடிபோல உட்காரும். தண்ணி பட்டால் உப்பும், உப்பினால் திரும்பாது. சிப்போட் பற்றிப் பழைய கபேட்டே சாட்சி. மிஞ்சியது மெல்லிய மரப்படைகளை ஒட்டிச் செய்யும் பிளைவூட். அதில் தண்ணி தாங்கும் வகைக்கு மரீன் என்று பெயர். இங்கே கடைகளில் எல்லாப் பிளைவூட்டும் "மரீன்" ஆகிவிட்டது. அச்சடிக்கும் மை மலிவு. இந்தியப் பிளைவூட் என்றால் ஐஎஸ் 710 என்ற நியமம்தான் மரீன் வகைக்குரியது. மாதிரித் துண்டு 72 மணிநேரம் கொதிநீரில் கிடந்தும் படை பிரியக்கூடாது என்பது அதன் பரீட்சை.

72 மணிநேரம் எங்களால் ஏலாது. ஆனால் 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாள்களுக்குப் பிறகு ரீச்சர் கொல்லைப்புறத்து விறகடுப்பைக் கைவிடவில்லை. இரண்டு கடைகளிலிருந்து வந்த "மரீன்" துண்டுகளையும், ஒரு எம்டிஎஃப் துண்டையும் பழைய அலுமினியப் பானையில் போட்டுக் காலையிலிருந்து பின்னேரம் வரை அவித்தோம். எம்டிஎஃப் கஞ்சியானது. ஒரு மரீன் துண்டு புத்தகம் விரித்ததுபோலப் படை படையாகத் திறந்தது. மற்றது நிறம் மாறியதைத் தவிர அப்படியே இருந்தது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் அதில் பசைக் கோடுகள் கடும் கபில நிறம். பீனோல் பசை அப்படித்தான் தெரியும். திறந்த துண்டில் கோடுகள் வெளிறி இருந்தன. நிறத்தை மட்டும் நம்பி வாங்கச் சொல்லமாட்டேன், ஆனால் பானை இல்லாத இடத்தில் அது ஒரு முதல் தடயம்.

சிங்குக்குக் கீழே எந்தப் பலகையும் வைக்கவில்லை. அந்தப் பகுதி முழுக்கச் சீமெந்துக் கட்டும் ரைல்சும். முன்னால் கதவு மட்டும் லமினேற். மற்ற இடங்களில் நான்கு அங்குல உயரத்துக்கு ரைல்ஸ் பதித்த திட்டுக் கட்டி அதன்மேல் பெட்டி ஏறியது. வெள்ளிக்கிழமைத் தண்ணி இனி திட்டை நனைத்துவிட்டுப் போகலாம். முதுகுப்பலகைக்கும் சுவருக்கும் இடையே விரலளவு இடைவெளி விட்டோம், கறையான் ஏறினால் டோர்ச் அடித்துப் பார்க்க.

முழுக்க அலுமினியத்தில் செய்யலாமே என்று அயலவர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கறையானும் தண்ணியும்தான் கவலை என்றால் அலுமினியம் வெல்லும், இப்போது பல வீடுகளில் அதுதான் போகிறது. ரீச்சர் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

மூன்று தாளா, இரண்டா

ஓடாவி போட்ட கணக்கில் கீழ்வரிசை 15 அடி, மேல்வரிசை ஏழரை அடி. கதவு உயரம் 28 அங்குலம். அகலம் வழமைபோல 18 அங்குலம். அப்படியென்றால் கீழே 10, மேலே 5, மொத்தம் 15 கதவு.

தாளின் 4 அடி அகலத்தில், அதாவது 48 அங்குலத்தில், 18 அங்குலக் கதவு இரண்டுதான் விழும். 12 அங்குலம் வீண். நீளவாக்கில் மூன்று. ஆக ஒரு தாளுக்கு ஆறு கதவு. 15 கதவுக்கு மூன்று தாள். கதவு அகலத்தை 15 அங்குலமாக்கினால் குறுக்கே மூன்று விழும், ஓரம் சீவ விடும் கால் அங்குலங்களும் அடங்கும். ஒரு தாளுக்கு ஒன்பது. கதவு எண்ணிக்கை 12 உம் 6 உமாக 18 ஆகக் கூடினாலும் இரண்டு தாளோடு முடிகிறது. கூடுதல் செலவு மூன்று கதவுக்கான ஆறு பிணைச்சல். இரண்டு முனையும் சுவரில் முடிவதால் பக்கப் பலகைக்குத் தனித் தாள் தேவைப்படவில்லை.

"இருவது வருசமா பதினெட்டுத்தான் அடிக்கிறன்" என்றார் ஓடாவி. கடதாசியில் கோடு போட்டுக் காட்டியதும் பென்சிலை வாங்கித் தானே திரும்ப ஒருமுறை வரைந்து பார்த்தார். பிறகு, "ஒடுக்கக் கதவெண்டா பிணைச்சலுக்கும் பாரம் குறைவு" என்று என் பக்கத்துக்கே ஒரு காரணம் சேர்த்தார்.

இந்தக் கணக்கு நிறத்தையும் பாதி தீர்த்துவிட்டது. மகள் கடைசியாகக் கேட்டது மேலே வெள்ளை, கீழே சாம்பல். இரண்டு நிறமென்றால் கீழ்வரிசை 12 கதவுக்கு இரண்டு தாள், மேலே ஒன்று, திரும்பவும் மூன்று. அந்த மூன்றாவது தாளின் காசை ஓரத்துக்கும் முதுகுக்கும் போடலாம் என்று அவருக்கு விளக்கி எழுதினேன். வெள்ளை எங்கே போகும் என்று கேட்டார். கதவின் உட்புறத்துக்கும் பெட்டிக்குள்ளும் போகும் என்றேன். அங்கே ஒட்டும் மெல்லிய தாள் எப்படியும் வெள்ளையில்தான் மலிவாகக் கிடைக்கும். உள்ளே வெளிச்சமாக இருக்கும், கரப்பான் ஒளிக்காது, சிந்திய சீரகமும் தெரியும். ரீச்சர் அதற்கு உடனே ஓம் என்றார்.

உட்புறத் தாள் அழகுக்காக மட்டும் என்று நினைத்து அதைத் தவிர்ப்பவர்கள் அதிகம். கடதாசி ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டிய கதவு மாரியில் ஒரு மாதிரியும் பங்குனியில் ஒரு மாதிரியும் வளையும். இரண்டு பக்கமும் ஒட்டினால்தான் இழுவை சமப்படும். அதிலும் ஒரு நுணுக்கம்: தாள் நீளவாக்கைவிட அகலவாக்கில் ஏறத்தாழ இரட்டிப்பாக அசையும். ஆகவே உட்தாளையும் வெளித்தாளின் திசையிலேயே வெட்ட வேண்டும். துண்டு மிச்சப்படுத்தக் குறுக்கே திருப்பி வெட்டினால் சமப்படுத்த ஒட்டியதே கதவை முறுக்கும்.

ஒட்டும் வேலை தைப்பொங்கலுக்குப் பிறகுதான் தொடங்கியது. ரப்பர் பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். மழைநாளில் காற்றிலுள்ள ஈரம் அதில் பனிபோலப் படிந்து பிடியைக் கெடுக்கும். தாளையும் பலகையையும் ஒரே அறையில் இரண்டு மூன்று நாள் சேர்த்து வைத்திருந்து பிறகு ஒட்டினார்கள்.

ஓரத்துக்கு அயன் பெட்டியால் சூடாக்கி ஒட்டும் மெல்லிய நாடா வேண்டாம் என்பதில் நான் இறங்கிவரவில்லை. கதவுகளை மிசின் உள்ள பட்டறைக்கு ஏற்றி அனுப்பி, 2 மில்லிமீற்றர் பிவிசி ஓரம் நான்கு பக்கமும் போட்டோம். கீழ் ஓரம் கண்ணில் படாது, மூன்று பக்கம் போதும் என்று பட்டறையில் சொன்னார்களாம். பழைய கபேட்டில் முதலில் போனதே அந்தக் கண்ணில் படாத ஓரம்தான். பிணைச்சலுக்குக் குடையும் 35 மில்லிமீற்றர் குழிகளுக்குள்ளும் வார்னிஷ் தடவினோம். அடுப்புக்கு நேர் மேலே கபேட்டே இல்லை. அந்த இடத்தில் புகை இழுக்கும் விசிறி.

ஒரு மாரி கழிந்தபின்

கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். நேர்கோல் வைத்துப் பார்த்ததில் கதவுகள் வளையவில்லை. அடி ஓரங்கள் இறுக்கமாக இருந்தன. சாம்பல் முகத்தில் கைபிடியைச் சுற்றி மட்டும் எண்ணெய் மங்கல். சவர்க்காரத் துணியோடு போய்விட்டது.

குறைகளும் உண்டு. சிங்குக்கும் கிரனைற்றுக்கும் இடையே போட்ட சிலிக்கன் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைக் கிழித்துத் திரும்பப் போடவேண்டும். குப்பை வாளி வைக்கும் கதவின் ஒரு மூலையில் ஓரம் மயிரிழை கிளம்பியிருக்கிறது, ரீச்சர் காலால் தள்ளித் திறப்பதால் என்று நினைக்கிறேன். வெள்ளை உட்தட்டில் மஞ்சள்தூள் பேணியின் அடி வட்டம் பதிந்திருந்தது. தட்டு கழற்றக்கூடியது என்பதால் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய் வெயில் காட்டியிருக்கிறார். எனக்குச் சொல்லும்போதே முக்கால்வாசி போய்விட்டிருந்தது.

இப்போது பக்கத்து வீட்டாருக்கும் அதே சாம்பல் வேண்டுமாம். கடையில் அந்த இலக்கம் வரத்து நின்றுவிட்டது. கிட்டத்தட்ட அதே நிறம் ஒன்றைக் காட்டுகிறார்கள், பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரிகிறது. ரீச்சரின் இரண்டு தாளிலும் மிஞ்சிய 10 அங்குலத் துண்டுகளை எறியவேண்டாம் என்று ஓடாவியிடம் சொல்லியிருந்தேன். அவை, முதுகுப்புறத்தில் எழுதிய தாளின் இலக்கம் தெரிய, அலுமாரிக்கு மேலே தட்டையாகக் கிடக்கின்றன. லாச்சி முகம் ஒன்று உடைந்தால் போதுமான அளவு.